இரண்டு ஆண்டி வைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பா?

கம்ப்யூட்டரில் ஒரு ஆண்டி வைரஸ் புரோகிராம் இருந்தால் பாதுகாப்பு. இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு. நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு போடுவது போலத்தானே என்று கேட்பவர்களும் உண்டு. இது எவ்வளவு தவறான கணக்கு என்பதைத் தூத்துக்குடியில் உள்ள நண்பர் ஒருவர் வீட்டில் நேரில் பார்த்தேன். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கலாம்.

நண்பருக்கு ஏற்றுமதிச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் தொழில். பிரையண்ட் நகரில் வீடு. 2023 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஊருக்குள் தண்ணீர் புகுந்தபோது, வீட்டிலிருந்த பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் நனைந்து வீணாகிவிட்டது. அடுத்த மாதமே விண்டோஸ் 11 பதிந்த புதிய லேப்டாப் ஒன்றை வாங்கினார். கடையிலிருந்து வரும்போதே அதில் ஒரு செக்யூரிட்டி தொகுப்பின் சோதனைப் பதிப்பு இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகன் தன் பங்குக்கு இலவச ஆண்டி வைரஸ் ஒன்றை டவுண்லோட் செய்து போட்டான். விண்டோஸுடன் வரும் டிபெண்டரும் இருக்கிறது. ஆக மொத்தம் மூன்று.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை அவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, ஷிப்பிங் பில்லில் டிஜிட்டல் கையெழுத்துப் போட முடியல. டோக்கனைச் சொருகினா கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்கு. கண்டெய்னர் ராத்திரிக்குள்ள உள்ளே போகணும், கொஞ்சம் வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். லேப்டாப் நகரவே இல்லை. ஒரு பைலைத் திறக்க ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் ஆனது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நின்றது. நேரம் இல்லாததால் டோக்கனை எடுத்துக்கொண்டு, அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரின் அலுவலகத்திற்கு பைக்கில் போய் வேலையை முடித்தார். கண்டெய்னர் தப்பித்தது. லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்து மேய்ந்தோம்.

கிடைத்த விடை இதுதான். சோதனைப் பதிப்பின் காலம் முடிந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஆனால் அதன் பயர்வால் மட்டும் பாதி உயிருடன் இருந்து, கையெழுத்துப் போடும் சிறிய புரோகிராமைத் தடுத்துக்கொண்டிருந்தது. கேம்ஸ் மெதுவாக இயங்குகிறது என்று மகன் தன் இலவச ஆண்டி வைரஸின் நேரடிக் கண்காணிப்பை நிறுத்தி வைத்திருந்தான். வேறு ஆண்டி வைரஸ்கள் பதிவாகி இருந்ததால் விண்டோஸ் டிபெண்டர் ஒதுங்கிக் கொண்டிருந்தது. "சந்தாவைப் புதுப்பியுங்கள்" என்ற தொல்லை தாங்காமல் நோட்டிபிகேஷன்களையும் அணைத்து வைத்திருந்தார்கள். அதனால் விண்டோஸ் தந்த எச்சரிக்கையும் யார் கண்ணிலும் படவில்லை.

மூன்று காவலர்கள் இருப்பதாக நினைத்த வீட்டில் ஒருவர்கூடக் காவலில் இல்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில், போல்டர்களை எல்லாம் ஷார்ட்கட் ஆக மாற்றும் வைரஸ் குடியிருந்தது. கட்டணம் இல்லாத கற்றுக்கொடுத்தல் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அதே இடத்தில் பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்திருந்தால் கதை வேறு.

ஏன் சண்டை வருகிறது?

வேர்டு, எக்ஸெல் போன்ற புரோகிராம்கள் எத்தனை இருந்தாலும் ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை. ஆண்டி வைரஸ் அப்படிப்பட்டது அல்ல. அது விண்டோஸின் அடித்தளமான கெர்னல் பகுதியில் தன் டிரைவர் பைலைப் பொருத்தி வைக்கிறது. நீங்கள் ஒரு பைலைத் திறந்தவுடன் அந்த டிரைவர் குறுக்கே வந்து நிறுத்துகிறது. பைலைப் படித்துச் சோதித்த பிறகே உங்களிடம் அனுப்புகிறது. இரண்டு புரோகிராம்கள் இந்த வேலையைச் செய்தால், முதலாவது சோதனைக்காகத் திறக்கும் பைலை இரண்டாவது நிறுத்திச் சோதிக்கும். இரண்டாவது திறப்பதை முதலாவது நிறுத்தும். டிஸ்க் 100 சதவீதம் ஓடுவதற்கும், சில நேரங்களில் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து போவதற்கும் இதுதான் முக்கிய காரணம்.

ஒன்று பிடித்து அடைத்து வைத்திருக்கும் வைரஸ் பைலை மற்றொன்று புதிய வைரஸ் என்று எண்ணி அலறுவதும் உண்டு. ஒன்றின் வைரஸ் அடையாளத் தகவல்களை மற்றொன்று வைரஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பயர்வாலிலும் இதே கதைதான். ஒரு புரோகிராமுக்கு விண்டோஸ் பயர்வாலில் அனுமதி கொடுத்திருப்பீர்கள். கூடுதலாகப் போட்ட பயர்வால் அதைத் தடுக்கும். எங்கே தடை என்று தெரியாமல் பிரிண்டரையும் மோடத்தையும் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது இடம் பிரவுசர். சில செக்யூரிட்டி தொகுப்புகள் பூட்டு அடையாளம் உள்ள பாதுகாப்பான தளங்களையும் சோதிக்க, தங்கள் சொந்தச் சான்றிதழ் ஒன்றை விண்டோஸில் பதித்துவிட்டு நடுவில் அமர்ந்துகொள்கின்றன. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கேட்கும் சில தளங்கள் இதனால் உங்களை அடையாளம் காண முடியாமல் திருப்பி அனுப்பிவிடும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போகிறவரின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடிப்பவரின் கையில் இருக்கும். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கயிற்றை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? அவர் பிடித்திருப்பார் என்று இவரும், இவர் பிடித்திருப்பார் என்று அவரும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. முதலாவதில் கம்ப்யூட்டர் மெதுவாகிறது. அது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதில் ஒன்றும் தெரியாது. அதுதான் ஆபத்து.

இருபது ஆண்டு தகராறு

விண்டோஸுடன் வரும் பாதுகாப்புக்கும் வெளியிலிருந்து போடும் பாதுகாப்புக்கும் இடையே உள்ள தகராறு நேற்று தொடங்கியது அல்ல. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் உலகெங்கும் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களை ஆட்டிப்படைத்தது. எக்ஸ்பியில் பயர்வால் இருந்தும், அது இயங்காத நிலையிலேயே தரப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2ல்தான் பயர்வால் தானாகவே இயங்கும்படி மாற்றப்பட்டது. இரண்டு பயர்வால் மோதும் பிரச்னை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது அப்போதுதான்.

2006ல் விஸ்டா தயாராகிக்கொண்டிருந்தபோது, அதன் 64 பிட் பதிப்பில் கெர்னலை யாரும் மாற்றக்கூடாது என்று மைக்ரோசாப்ட் பூட்டுப் போட்டது. சைமாண்டெக், மெக்காபி நிறுவனங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. கெர்னலைத் தொடாமல் வேலை செய்ய வேறு வழி தருவதாக மைக்ரோசாப்ட் இறங்கி வந்தது.

2009ல் செக்யூரிட்டி எசன்ஷியல்ஸ் என்ற இலவச ஆண்டி வைரஸை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது, அதுவரை ஸ்பைவேரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த டிபெண்டர் முழுமையான ஆண்டி வைரஸாக மாறியது. அதே நேரத்தில், வேறு ஆண்டி வைரஸ் பதிந்தால் டிபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. விண்டோஸ் 10 அப்டேட்டின்போது தங்கள் புரோகிராம்கள் ஓரங்கட்டப்படுவதாகக் காஸ்பர்ஸ்கை நிறுவனம் 2016ல் ரஷ்யாவிலும் 2017ல் ஐரோப்பாவிலும் புகார் கொடுத்தது. அப்டேட்டுடன் ஒத்துப்போகாத ஆண்டி வைரஸின் சில பகுதிகளைத் தற்காலிகமாக நிறுத்துவது உண்மைதான் என்று மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. சில மாற்றங்களுக்கு உடன்பட்டதால், 2017 ஆகஸ்டில் புகார்கள் திரும்பப் பெறப்பட்டன.

நிறுவனங்கள் பேசித் தீர்த்துக்கொண்டாலும் கம்ப்யூட்டருக்குள் மோதல் நிற்கவில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பிராசசர் குறைபாட்டுக்கு விண்டோஸ் அப்டேட் வந்தது. சில ஆண்டி வைரஸ்கள் அனுமதியில்லாத முறையில் கெர்னல் மெமரியைத் தொட்டதால், அந்த அப்டேட்டுடன் நீலத்திரை வந்தது. எனவே, ஒத்துப்போவதாக ஆண்டி வைரஸ் ரிஜிஸ்ட்ரியில் குறிப்பு எழுதி வைத்திருந்தால் மட்டுமே அப்டேட் தரப்படும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2019 ஏப்ரலில் வந்த அப்டேட், சோபோஸ், அவாஸ்ட், அவிரா போன்றவை இருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஸ்டார்ட் ஆகும்போதே உறைய வைத்தது.

காவலர் தவறினால் வீடே முடங்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2010 ஏப்ரல் 21ல் மெக்காபி அனுப்பிய ஓர் அப்டேட், எக்ஸ்பியின் முக்கியமான சிஸ்டம் பைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்தது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. 2024 ஜூலை 19ல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை வீழ்த்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது நினைவிருக்கலாம். அது பெரிய நிறுவனங்களுக்கான சாப்ட்வேர் என்பதால் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தப்பின. செக்யூரிட்டி சாப்ட்வேர்களைக் கெர்னலுக்கு வெளியே இயங்க வைக்கும் முயற்சியில் மைக்ரோசாப்ட் இறங்கியது இதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆண்டி வைரஸே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 2017 ஜூன் இறுதியில் நாட்பெட்யா வைரஸ் மேர்ஸ்க் நிறுவனத்தைத் தாக்கியபோது, மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் கண்டெய்னர் முனையத்தின் வேலை முடங்கியது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நம் ஊருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

எதை வைத்துக்கொள்வது?

முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பதாகக் கூறும் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார். இந்தக் கரைக்கு 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாகத் தரப்பட்டதாக எழுதியிருக்கிறார். பாதுகாப்புக்கு விலை உண்டு என்பது பழைய வழக்கம்தான். கொடுக்கும் விலைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்டர்நெட், மெயில், நெட்பேங்கிங், பிள்ளைகளின் படிப்பு என்று பயன்படுத்தும் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, விண்டோஸ் 11 உடன் வரும் டிபெண்டரும் பயர்வாலும் போதும் என்பது என் கருத்து. தனிக் கட்டணம் இல்லை. அப்டேட் தானாக வரும். விண்டோஸுடன் மோதாது.

பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்தும் வசதி, பல கம்ப்யூட்டர்களுக்கும் மொபைல்களுக்கும் ஒரே சந்தா, போனில் கூப்பிட்டால் உதவி ஆகியவை வேண்டும் என்றால் காசு கொடுத்து ஒரு தொகுப்பை வாங்கலாம். நம் நாட்டிலேயே தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த கே7 கம்ப்யூட்டிங் 1991ல் தொடங்கப்பட்டது. குயிக் ஹீல் புனே நிறுவனம். எதை வாங்கினாலும் விதி ஒன்றுதான்: நேரடிக் கண்காணிப்பு செய்யும் புரோகிராம் ஒன்றுதான் இருக்க வேண்டும். பயர்வாலும் ஒன்றுதான்.

இப்போதே செய்திட வேண்டியவை

1. யார் காவலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என டைப் செய்து திறந்திடுங்கள். இடது பக்கம் கீழே உள்ள செட்டிங்ஸ் கிளிக் செய்து, மேனேஜ் புரொவைடர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டி வைரஸ், பயர்வால் என்று தனித்தனியாகப் பெயர்களும், எது இயங்குகிறது, எது நின்றிருக்கிறது என்பதும் தெரியும். நண்பரின் வீட்டில் உண்மை வெளிப்பட்டது இந்தத் திரையில்தான்.

2. எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால், அதன் லைசென்ஸ் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். அவசர வேலை இருக்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம்.

3. வேண்டாததை நீக்குங்கள். போல்டரை டெலிட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டிரைவர் பைல்கள் உள்ளேயே தங்கிவிடும். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று சென்று முறைப்படி அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்திடுங்கள். பெரும்பாலான ஆண்டி வைரஸ் நிறுவனங்கள் மிச்சம் மீதியைத் துடைத்து எடுக்கத் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் இலவசமாகத் தருகின்றன. அதையும் ஒரு முறை இயக்கி, மீண்டும் ரீஸ்டார்ட் செய்வது நல்லது. கருவியை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே டவுண்லோட் செய்ய வேண்டும்.

4. டிபெண்டர் விழித்துக்கொண்டதா என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன் சென்று, மேனேஜ் செட்டிங்ஸ் கிளிக் செய்திடுங்கள். ரியல்-டைம் புரொடெக்ஷன் ஆன் நிலையில் இருக்க வேண்டும். டாம்பர் புரொடெக்ஷனும் அப்படியே. பிறகு முந்தைய திரைக்கு வந்து, செக் பார் அப்டேட்ஸ் தட்டுங்கள்.

5. சோதித்துப் பாருங்கள். எய்கார் என்ற அமைப்பு, ஆண்டி வைரஸ் இயங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை பைலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அது வைரஸ் இல்லை. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் காவலில் இருக்கும் ஆண்டி வைரஸ் அதை உடனே பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் காவலர் தூங்குகிறார் என்று பொருள்.

6. கடைசியாக முழு ஸ்கேன் ஒன்று செய்திடுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஆப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக இயங்கும் முன்பே சோதனை நடக்கும்.

இரண்டாவது கருத்து வேண்டுமா?

ஒரு டாக்டர் சொன்ன பிறகு இன்னொருவரிடம் கேட்பது தவறில்லை. அதற்கும் வழி இருக்கிறது. வெளி ஆண்டி வைரஸ் ஒன்றை முதன்மைக் காவலராக வைத்திருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன் பக்கத்தில் பீரியாடிக் ஸ்கேனிங் என்ற வசதி இருக்கும். இதை ஆன் செய்தால் டிபெண்டர் குறுக்கே வராமல், அவ்வப்போது மட்டும் சோதித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

டிபெண்டரையே வைத்திருப்பவர்கள் மைக்ரோசாப்டின் சேப்டி ஸ்கேனரை டவுண்லோட் செய்து இயக்கலாம். நாம் இயக்கும்போது மட்டும் வேலை செய்யும். பத்து நாட்களில் காலாவதியாகிவிடும். மீண்டும் தேவைப்பட்டால் புதிதாக எடுக்க வேண்டும். மால்வேர்பைட்ஸ் போன்றவற்றின் இலவசப் பதிப்பும் இப்படித்தான். ஆனால், பதிந்தவுடன் கட்டணப் பதிப்பின் சோதனைக் காலம் தொடங்கி நேரடிக் கண்காணிப்பும் இயங்கலாம். அதை அணைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதற்கான மைக்ரோசாப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸிலேயே உள்ள ஓட்டையை எந்த ஆண்டி வைரஸும் அடைக்காது. நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டத்தில் சேருங்கள் அல்லது விண்டோஸ் 11க்கு மாறிவிடுங்கள்.

நண்பரின் லேப்டாப்பில் இப்போது டிபெண்டர் மட்டும் இருக்கிறது. டோக்கனைச் சொருகியதும் கையெழுத்து விழுகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று மேனேஜ் புரொவைடர்ஸ் திரையைத் திறந்து பார்ப்பது மகனின் பொறுப்பு. முதல் தடவை அவன் பார்த்து முடித்ததும், நண்பர் மக்ரூன் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அப்ப இத்தனை நாளும் கயிற்றை யாருமே பிடிக்கலையா அண்ணாச்சி?"

உங்கள் கம்ப்யூட்டரில் யார் பிடித்திருக்கிறார்கள்? இந்த இதழை மூடி வைப்பதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.